உமிக்குழியில் ஐந்து நாள்

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். குடை பிடித்து நடந்ததற்கு, உரக்கச் சிரித்ததற்கு, எதிர்த்துப் பேசியதற்கு. சிலவற்றுக்குக் கேட்டும் இருக்கிறேன், கேட்டால் வாய் ஒன்றும் வலிக்காது என்பதால். ஒரே ஒரு தடவைதான் முடியாது என்றேன். அது என்னைப் பற்றிய விஷயமே இல்லை. நான் கண்ணால் பார்த்திராத ஒரு பனிக்கட்டியைப் பற்றியது. துருவத்துப் பக்கம் மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில், மனிதன் தோன்றும் முன்பிருந்தே உருகாமல் கிடக்கும் பனிக்கட்டி. அதைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியை அடிக்கச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் மகாராஜா ஆட்சி நடந்துகொண்டிருந்த முப்பதுகள். எங்கள் வீடு கரமனையில், ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பா சர்க்கார் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பதிமூன்று வயதில் கல்யாணம் நடந்தது. பதினான்கில் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அவன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை. என் தலையை மழிக்க ஆள் வந்த அன்று அம்மா வாசல் நடையில் உட்கார்ந்துகொண்டு, "முதல்ல என் தலையை எடுக்கட்டும், அப்பறம் அவ தலைக்கு வரட்டும்" என்று சொன்னாள். வந்தவர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார். பிறகு பள்ளிக்கூடம், பிறகு காலேஜ், பிறகு பி.ஏ. அப்பா ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்பார். அம்மா ஒவ்வொன்றுக்கும் டிபன் கட்டிக் கொடுப்பாள்.

பி.ஏ. முடித்ததும் பாடப் புத்தகங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். நாகர்கோவில், செங்கோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்காக இங்கிலீஷ் பூகோளப் புத்தகத்தைத் தமிழில் எழுதுவது என் வேலை. தற்காலிக வேலைதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டால் நீளும், போடாவிட்டால் அறுந்துவிடும். அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண்.

அந்த வேலை எனக்கு எதற்கு என்று தெரிய வேண்டுமானால் எங்கள் தெருவின் காலை ஒன்பதரை மணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபீஸ் போகும் ஆண்கள் எல்லோரும் படியிறங்கும் நேரம் அது. நான் இறங்கும் நேரமும் அதுதான். வெளியே கிளம்பும்போது கைம்பெண் எதிரே வந்தால் அன்றைய காரியம் உருப்படாது என்பது அவர்கள் கணக்கு. எதிர்ப்பட்டுவிட்டால் உள்ளே திரும்பிப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் நான் போகும்வரை நிலைப்படிக்கு உள்ளேயே நிற்பார்கள். என் குடை முனை திரும்பிய பிறகுதான் செருப்புச் சத்தங்கள் கேட்கும். வெட்கமாகத்தான் இருந்தது, முதல் ஒரு மாதம். அப்புறம் நான் மெதுவாக நடக்க ஆரம்பித்தேன்.

அம்மா ஒரு நாள் சொன்னாள்: "நீ காலம்பற படியிறங்கறதைப் பாக்கத்தான் நான் எழுந்துக்கறதே, கேட்டியோ. அது நின்னுடப்படாது." வேலை போனால் அது நின்றுவிடும். காரணமில்லாமல் ஒரு கைம்பெண் தெருவில் நடக்க முடியாது. உள்ளறை, சமையல், ஏகாதசி, அவ்வளவுதான் மிச்சம். இந்த ஒன்பதரை மணியைப் பணயமாக வைத்துத்தான் நான் அந்தப் பனிக்கட்டிக்காகச் சண்டை போட்டேன்.

இங்கிலீஷ் புத்தகத்தில் துருவங்களைப் பற்றி அரைப்பக்கம்தான் இருந்தது. வெள்ளை, குளிர், கரடி. குழந்தைகளுக்குப் பிடிக்கும்படி கொஞ்சம் சேர்த்து எழுதலாம் என்று எங்களுக்கு அனுமதி இருந்தது. பொது நூலகத்துக்குப் போய், வடக்கே போனவர்கள் எழுதிய பிரயாணப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அங்கே மலையிலிருந்து பனி ஆறாக நகர்ந்து வருகிறதாம். வரும்போதே கல்லையும் மண்ணையும் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு காலத்தில் அந்த ஆறு பின்வாங்கிவிடுகிறது. அதன் நுனி மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. தான் சுமந்து வந்த மண்ணே சரிந்து அதை மூடிக்கொள்கிறது. அதன்மேல் புல்கூட முளைக்கிறது. வெயில் மண்ணோடு நின்றுவிடுகிறது, கீழே போவதில்லை. மேலே எத்தனை யுகம் மாறினாலும் கீழே பனி பனியாகவே கிடக்கிறது.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உன்னைப் போல இருந்ததால் பிடித்ததா என்று பிற்பாடு ஒரு சிநேகிதி கேட்டாள். நிச்சயமாக இல்லை. மூடிக்கிடப்பது எனக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது அதன் பிடிவாதம். அன்றே எழுதினேன்: 'துருவப் பிரதேசங்களில் சில இடங்களில், மேலே புல் முளைத்திருக்க, அடியில் மனிதர் தோன்றுவதற்கு முன் விழுந்த பனி கட்டியாக இறுகி இன்னும் உருகாமல் கிடக்கிறது, மேலே மூடிய மண்ணே அதைக் காக்கிறது.'

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோட்டைக்குள் வீடு, அப்பாவோடு கச்சேரியில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். தெருவில் எனக்கு மாமா, அலுவலகத்தில் சார். வேலை எனக்குக் கிடைத்ததும் அவர் தயவில்தான், அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது நினைவுபடுத்துவார். என் காகிதத்தில் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

"இது எங்கேந்து வந்தது?"

சொன்னேன்.

"படிச்சதையெல்லாம் எழுதிடறதா? பழக்குழி பாத்திருக்கியோ நீ? வாழைக்குலையை மண்ணுக்குள்ள வச்சு மூடினா ரெண்டே நாள்ல பழுத்துடறது. என்னத்துனால? மண்ணு சூடாக்கும். மண்ணுக்குள்ள வச்சது வேகும், பழுக்கும், மக்கும். பனிக்கட்டி உருகாம இருக்கும்னு எழுதினா நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் நம்மைப் பாத்துச் சிரிக்கும்."

"வாழைக்குலை பழுக்கறது புகை போடறதுனால, சார்" என்றேன்.

அறைக்கு வெளியே இருந்த குமாஸ்தாக்களின் பேனாக்கள் நின்றுவிட்டன. சூப்பிரண்டின் காது மடல் சிவந்தது. சிரித்துக்கொண்டேதான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்படியோ? செரி. அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடறது. மண்ணுக்கடியில ஐஸை வச்சு, உருகாம எடுத்துக் காட்டு. காட்டினா வரி இருக்கட்டும். இல்லைன்னா, தப்பா எழுதிட்டேன்னு கைப்பட எழுதித் தந்துட்டு, அடிச்சுடு. ஆயிக்கோட்டே?"

அவர் கேலிக்குச் சொன்னார். நான் சரி என்றேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வரிதானேடி. முப்பது வருஷத்துல நான் எத்தனை வரி அடிச்சிருக்கேன் தெரியுமோ? அடிச்ச வரியெல்லாம் என்ன, அழுதுதா?" அப்பா கெட்டவர் இல்லை. அடித்து அடித்தே பழகிப்போனவர்.

அம்மா வேறு மாதிரி யோசித்தாள். மாவடு, கிடாரங்காய், எலுமிச்சை என்று அவள் போடும் ஊறுகாய்கள் எங்கள் தெருவில் பெயர் போனவை. வருஷக்கணக்கில் நிற்கும். ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "உப்புல போட்டா எதுடி கெடும்? நான் வச்சுத் தரேன் பாரு" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பி.ஏ. படித்தவளுக்கு அப்படிப் பட்டது என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

சாலைக் கடைத்தெருவுக்கு அப்பால் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அங்கிருந்து தேங்காய் அளவில் ஒரு கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். யார் யார் கை பட்ட தண்ணீரோ, அதனால் அது சமையலறைக்குள் போகக் கூடாது. அம்மா அதற்கும் தயாராக இருந்தாள். தன் பரணிகளிலேயே நல்லதை, மாவடு போடும் பெரிய பீங்கான் ஜாடியை, கொல்லைக்கு எடுத்து வந்துவிட்டாள். இனி அது உள்ளே திரும்பாது என்று தெரிந்தே எடுத்து வந்தாள். அடியில் கல்லுப்பு, நடுவில் ஐஸ், மேலே கழுத்து வரை கல்லுப்பு. வாயைத் துணியால் வேடு கட்டி, கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தோம்.

மறுநாள் மத்தியானம் எடுத்தால் பரணி தொட்டால் சில்லென்றிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வேடு அவிழ்த்தால் உள்ளே உப்புத் தண்ணீர்தான். ஒரு சில்லுகூட மிச்சமில்லை. அம்மா கையை விட்டு அடிவரை துழாவினாள். "உப்பு கைவிட்டுடுத்தேடி" என்றாள். ஆயுசில் முதல் தடவையாக உப்பு அவளை ஏமாற்றியிருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் என்மேல்தான்.

எங்கள் தெருவில் கொல்லைக்குக் கொல்லை சுவர் இடுப்பு உயரம்தான். திங்கட்கிழமை காலை நான் அலுவலகம் போவதற்குள் செய்தி கோட்டைக்குப் போய் அங்கிருந்து அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. "என்ன கொழந்தே, ஐஸ் ஊறுகாய் எப்படி?" என்றார் சூப்பிரண்டு. எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக் கமிட்டிக்கு ஐந்து நாள் இருந்தது.

நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே ஐஸ் கம்பெனிக்குப் போனேன். அங்கே மேஸ்திரி கோட்டாற்றுக்காரர், வயதானவர். நடந்ததைச் சொன்னேன். உப்பு என்றதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"உப்பா போட்டிய? நல்ல கூத்து. உப்பு போட்டா ஐஸு வெரசலா கரையும்லா! வேணும்னே கரைக்கதுக்கில்லா நாங்க உப்பு போடுவோம்."

"அப்போ எதுல வைக்கணும்?"

"உமியில வையுங்கம்மா. காஞ்ச உமி. ஒரு முழம் கனத்துக்குச் சுத்திப் போடணும். பொறவு ஒரு காரியம், தண்ணி நிக்கப்பிடாது. கரையுத தண்ணி கீழ ஓடிப் போயிரணும். தன் தண்ணியிலயே நின்னாத்தான் ஐஸு சாவும். சின்னக் கட்டியும் நிக்காது. பெருசா வாங்குங்க, பெருசு பெருசாவே கெடக்கும்."

துருவத்தில் என்ன நடக்கிறது என்று நான் பத்துப் புத்தகத்தில் படித்ததை அந்த மனிதர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஒரு டிரங்குப் பெட்டி அளவுக் கட்டி மாட்டு வண்டியில் அலுவலகத்துக்கு வந்து இறங்கியது. பின்பக்கம் பலாமரத்து நிழலில், நிலம் சரிந்து இறங்கும் இடமாகப் பார்த்து, அலுவலகப் பியூன் இடுப்பளவு குழி வெட்டினார். அவருக்குச் சூப்பிரண்டைப் பிடிக்காது, அதனால் ஆழமாகவே வெட்டினார். அடியில் செங்கல் ஜல்லி, அதிலிருந்து தண்ணீர் வெளியேறச் சரிவில் ஒரு சின்ன வாய்க்கால். ஜல்லிமேல் உமி, உமிமேல் சாக்கில் சுற்றிய கட்டி, சுற்றிலும் மேலும் ஒரு முழம் உமி, அதற்கு மேல் காய்ந்த மணல், மணல்மேல் தென்னை ஓலை. குமாஸ்தாக்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். சூப்பிரண்டு பார்க்காத மாதிரி பார்த்தார். அதே கட்டியிலிருந்து உடைத்த ஒரு துண்டை வராந்தாத் திண்டில் எல்லோரும் பார்க்க வைத்தேன். மூன்று மணிக்குள் அந்த இடத்தில் ஈரம்கூட இல்லை.

மேட மாதம், அதாவது சித்திரை. மத்தியானத்தில் மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. செவ்வாயும் புதனும் நான் வாய்க்காலைப் போய்ப் போய்ப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கசிகிறது என்றால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், கரைகிறது என்றும் அர்த்தம். தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. திறந்தால் வெயில் உள்ளே போகும். காப்பதற்குப் பாதி வேலை எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடியும் மின்னலுமாக ஒரே கொட்டு. நனைந்த உமி உமியே இல்லை. சூடு நேரே கட்டிக்குப் போய்விடும். பியூனும் நானும் ஓடினோம். அவர் குழியைச் சுற்றி மண்ணால் வரப்பு போட்டார். ஓலை காற்றில் பறந்தது. நான் என் குடையை விரித்து, குழிக்கு நேர் மேலே, காம்பை மணலில் ஊன்றிக் கல்லை அண்டக் கொடுத்து நிறுத்தினேன். போதாது என்று சூப்பிரண்டு அறைக்கு வெளியே கிடந்த தார்ப்பாயையும் இழுத்து வந்து போர்த்தினோம். பிறகு குடையில்லாமல், சொட்டச் சொட்ட நனைந்தபடி, சாலை வழியாகக் கரமனை வரை நடந்தேன். ஒரு கைம்பெண் தலை நனையத் தெருவில் நடந்தது அந்த வருஷம் முழுக்கப் பேச்சாக இருந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. மூன்று பேர். தலைவர் காலேஜில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளிப் பேராசிரியர். மற்ற இருவர் நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள். சூப்பிரண்டு என் விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தார், ஒரு வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று. "புறத்தே ஒரு குழி உண்டு" என்றார். தலைவர் உடனே எழுந்துவிட்டார். "குழி உண்டெங்கில் பாக்கணும் அல்லவோ?"

எல்லோரும் பலாமரத்தடிக்கு வந்தோம். என் குடை ஒரு பக்கம் சாய்ந்து, கம்பி வளைந்து நின்றுகொண்டிருந்தது. பியூன் தார்ப்பாயை விலக்கி மணலைத் தள்ளினார். மேல் உமி ஈரமாக, புளித்த வாசனையோடு இருந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளினார். அங்கே உமி காய்ந்து மொறமொறவென்று இருந்தது. நானே குழியில் இறங்கிவிட்டேன். கையை விட்டேன். சாக்கு கையில் பட்டது. அதற்குள் கல் மாதிரி ஒன்று, கை மரத்துப்போகும் குளிரோடு.

இரண்டு பேராகத் தூக்கி வெளியே வைத்தோம். டிரங்குப் பெட்டி அம்மிக்கல் அளவாகக் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது. மேட மாதத்து வெயிலில், ஐந்தாம் நாள், ஆவி பறக்க இருந்தது. தலைவர் குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். "கொள்ளாம்! நல்ல தணுப்பு" என்றார். வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

தலைமையாசிரியர்களில் ஒருவர் கேட்டார்: "அம்மா, அஞ்சு நாள் சரி. நீங்க எழுதியிருக்கது ஆயிரக்கணக்கான வருஷமால்ல?"

நல்ல கேள்வி. இதனால் அது நிரூபணமாகாது என்று எனக்கே தெரியும். மறைக்கவில்லை. "இங்க மண்ணால உருகறதைத் தள்ளித்தான் போட முடியும். உள்ள உருகிண்டேதான் இருந்தது, பாதிக்கு மேல போயிடுத்து" என்றேன். "கொதிக்கிற இந்த ஊர் மண்ணே அஞ்சு நாள் தள்ளிப் போட்டிருக்கு. அங்க மூடற மண்ணும் சேர்ந்து உறைஞ்சு கிடக்கு. வெயில் ரெண்டு மாசம் வந்துட்டு, மேல் மண்ணைத் தொட்டுட்டுத் திரும்பிப் போயிடறது. உள்ள போய் உருக்க யாரு இருக்கா?"

தலைவர் சிரித்தார். "வரி இருக்கட்டே" என்றார். அவ்வளவுதான், கமிட்டி முடிந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு வயது இருபத்து நாலு.

சாயங்காலம் சூப்பிரண்டு கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று என் ஆறு மாத நீட்டிப்பு, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இன்னொன்று அவரே மையால் எழுதிவைத்த கடிதம். அந்த வரி சிறுவர்களுக்குப் பொருந்தாது என்று பிற்பாடு உணர்ந்ததால், நானே விரும்பி அதை வாபஸ் வாங்குவதாகவும், முறை தவறிப் பேசியதற்கு வருந்துவதாகவும் இருந்தது.

"இதுல நீ போடு. அதுல நான் போடறேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "உன் அப்பா முகத்துக்காகச் சொல்றேன், கொழந்தே. ஒரு வரி. போனா போறது. வேலை போனா ஆத்துக்குள்ளதானே இருப்பே? யோசிச்சுக்கோ."

யோசித்தேன். ஒன்பதரை மணியை யோசித்தேன், அம்மா வாசலில் நிற்பதை யோசித்தேன். பயமாக இருந்தது, அதை மறைத்து என்ன? ஆனால் அவர் கடிதத்தில் 'நானே விரும்பி' என்று எழுதியிருந்தாரே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு நாள் உமிக்குள் கைவைக்காமல் காத்த ஒன்றை, ஐந்தாம் நாள் நானே விரும்பி வெயிலில் வைப்பதா?

அப்பாவுக்குக் காட்டலாம் என்று ஒரு துண்டு ஐஸை உமியோடு டிபன் பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்தேன். அதைத் திறந்தேன். அந்தத் துண்டை எடுத்துக் கடிதத்தின் நடுவில் வைத்தேன். "காத்துல பறந்துடப் போறது, சார்" என்றேன். மை ஊறிப் படர்ந்து, வருந்துகிறேன் என்ற இடமெல்லாம் நீலமாக ஓட ஆரம்பித்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வளைந்த குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கமிட்டி தீர்மானம் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியிருந்ததால் வரியை அவரால் தொட முடியவில்லை. அடுத்த பள்ளிக்கூட வருஷம் பாடப் புத்தகம் அச்சாகி வந்தது. வரி உள்ளே, நான் வெளியே. சில மாதங்கள் கழித்து ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அதெல்லாம் பிறகு. எனக்கு மறக்காமல் இருப்பது வேலை போன மறுநாள், சனிக்கிழமை காலைதான். அந்தக் காலத்தில் சனிக்கிழமையும் பாதி ஆபீஸ் உண்டு.

செய்தி வழக்கம்போலத் தெருவுக்கு முன்னமே வந்துவிட்டது. அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். அம்மா என் கையிலிருந்து அரிவாள்மணையைப் பிடுங்கிக்கொண்டாள். டிபன் பாத்திரம் கட்டித் தயாராக இருந்தது. வளைந்த குடைக்கம்பியை அவளே கல்லில் தட்டி நேராக்கியிருந்தாள்.

"ஒம்போதரை ஆச்சு. கிளம்பு" என்றாள்.

"எங்கேம்மா? வேலைதான் இல்லையே."

"லைப்ரரிக்குப் போ. ஆத்தங்கரைக்குப் போ. எங்க வேணா போ. படியிறங்கு." அப்புறம் கொஞ்சம் தணிந்து, "நான் உப்புப் போட்டுக் காரியத்தைக் கெடுத்தேன். இதை நான் கெடுக்க மாட்டேன்" என்றாள்.

இனி நான் வரமாட்டேன் என்ற நிம்மதியில் அன்று தெரு முழுக்க ஆண்கள் சரியாக ஒன்பதரைக்கே நிலைப்படி தாண்டியிருந்தார்கள். எங்கள் வாசல் கதவு திறந்தது. ஒரு காலைத் தெருவிலும் ஒரு காலைப் படியிலுமாக வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் அப்படியே நின்றார்கள். நான் குடையை விரித்தேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருவர் பின் ஒருவராக, உட்கார்ந்து தண்ணீர் குடிக்க, எல்லோரும் உள்ளே திரும்பிப் போனார்கள்.

அம்மா மட்டும் வாசலில் நின்றாள். அன்று நான் முன்னைவிட மெதுவாக நடந்தேன்.